கட்டடம் போனால் கண்ணீர், சேரி போனால் 'அழகுபடுத்தல்'

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 22 நெருங்கினால் சென்னைக்குத் திடீரென்று பழைய நினைவு வந்துவிடும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் எழுதிக் கொடுக்கப்பட்ட நாளாம். மரபு நடை, பழைய புகைப்படக் கண்காட்சி, மறைந்துவரும் கட்டடங்களின் கோட்டோவியங்கள் என்று ஊர் களைகட்டும். ஓவியத்தில் தூண் இருக்கும், திண்ணை இருக்கும், செங்கல் குவிமாடம் இருக்கும். ஓரத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரர் முகமில்லாமல் நிற்பார். கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டுமல்லவா?

மனோகர் தேவதாஸ், பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோய்க்கொண்டிருந்த காலத்திலும் சென்னையையும் மதுரையையும் பேனாவால் கோடு கோடாக வரைந்தவர். 2022இல் மறைந்தார். அந்த உழைப்பின் மீது நமக்கு மரியாதை உண்டு. நம் சண்டை எந்தத் தனி ஓவியரோடும் இல்லை. அவர்கள் வரைந்த சட்டகத்தையே நகரத்தின் எல்லையாக்கி, அதற்கு வெளியே இருப்பதெல்லாம் வரலாறே இல்லை என்று சொல்லும் மரபுக் காவலர்களோடுதான் சண்டை.

பதிவு என்பது வெறும் ரசனை அல்ல, அதிகாரம். ஒரு கட்டடம் வரையப்படுகிறது, பத்திரிகையில் எழுதப்படுகிறது, பிறகு பட்டியலில் ஏறுகிறது. நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியலில் இப்படி 467 கட்டடங்கள் ஏறின. அவற்றை இடிக்க வேண்டுமானால் மரபுப் பாதுகாப்புக் குழுவைக் கேட்க வேண்டும். 2012இல் மரபு ஆணையத்துக்குத் தனிச் சட்டமே வந்தது. நல்லது. ஆனால் கூவம் கரையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவரின் தெரு எந்தப் பட்டியலில் இருக்கிறது? அதை யாரும் வரையவில்லை, எழுதவில்லை. அதனால்தான் ஒரே நாளில் அவரை 'ஆக்கிரமிப்பாளர்' என்று சொல்ல முடிகிறது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து உயிரை விட்டார். அந்தத் தெருவுக்கு எந்த மரபு நடை போனது?

ஆங்கிலேயர் காலத்து வரைபடங்களில் 'பறச்சேரி' என்று குறிக்கப்பட்ட இடங்கள் உண்டு. வெள்ளைக்காரன் வரி வாங்கவும் வேலை வாங்கவும் போட்ட வரைபடத்திலாவது நாம் இருந்தோம். நம்மவர்கள் வரையும் 'பழைய மெட்ராஸில்' அதுகூட இல்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இந்த நகரத்தின் சாதி வரலாற்றையும் தொழிற்சங்க வரலாற்றையும் ஒருசேரச் சொல்லும் இடம் அது. ஆலை 1996இல் மூடப்பட்டபோது ஆலைக்காக உருகியவர்கள் உண்டு. எரிந்த குடிசைகளை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நகரத்துக்குள்ளிருந்து விரட்டப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். வேலை ஒரு மூலையில், பள்ளி ஒரு மூலையில், வீடு இன்னொரு மூலையில் என்று அவர்கள் வாழ்க்கை சிதறியது. 2020இல் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான வண்ண ஓவியங்கள் வந்தன. அந்த வண்ணம் அங்குள்ள குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தந்திருந்தால் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கணக்கைப் பாருங்கள். அவர்கள் வாழ்ந்த தெரு இடிக்கப்பட்டபோது ஒரு தூரிகையும் வரவில்லை. துரத்தி முடித்த பிறகு சுவருக்கு வண்ணம் வருகிறது.

"அப்படியானால் குடிசையைப் பாதுகாக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. ஒழுகும் கூரையிலும் சாக்கடை நாற்றத்திலும் எந்த அழகும் இல்லை. அதை ரசிக்கும் வேலையை நாம் யாருக்கும் கொடுக்கவில்லை. நாம் கேட்பது, அந்த மண்ணிலேயே நல்ல வீடு. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தானே கொடுத்தார்கள்? கடற்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் விலை ஏறிய பிறகுதானே ஏழைகள் அங்கே அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்தார்கள்?

வேறு மாதிரியும் பதிவு செய்ய முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளர்களையும் அவர்களின் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்காகப் படமெடுத்துவரும் பழனிக்குமாரின் கேமராவில் மனிதர் ஓரத்தில் நிற்பதில்லை. முகத்தோடு, பெயரோடு, நேருக்கு நேராக நம்மைப் பார்க்கிறார்.

தோழர்களே, உங்களில் வரையத் தெரிந்தவர்கள் உண்டு. எல்லோர் கையிலும் கைப்பேசி உண்டு. அம்பேத்கர் படிப்பகம், இரவுப் பாடசாலை, கேரம் கிளப், பாக்ஸிங் நடக்கும் மைதானம், கானா பாடும் சாவு வீட்டுப் பந்தல், தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் வரிசை, எல்லாவற்றையும் வரையுங்கள். ஒவ்வொரு படத்திலும் தெருப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்று பாட்டிகளிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய குடும்ப அட்டையையும் மின்கட்டண ரசீதையும் படமெடுத்து வையுங்கள். நாளை இயந்திரத்தோடு வரும் அதிகாரி "இவர்கள் எப்போது வந்தார்கள்?" என்று கேட்பார். பதில் நம் கையில் இருக்க வேண்டும்.