கொம்பு போனால் பதவி போச்சு!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாலும், எங்கேயாவது கூட்டல் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பான். அதனால்தானோ என்னவோ, ஒரு பழைய செய்தி என் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

2019 டிசம்பர். அமெரிக்க விவசாயத் துறையின் வரிப் பட்டியல். தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் போட்ட நாடுகளின் வரிசையில் ஒரு பெயர்: வகாண்டா! வாத்து, கழுதை, கறவை மாடு என்று ஐட்டம் வாரியாக விவரம் வேறு.

சிக்கல் என்னவென்றால், அப்படி ஒரு நாடே கிடையாது. 1966-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஒரு காமிக்ஸுக்காக உண்டாக்கிய ஆப்பிரிக்க ராஜ்யம் அது. சோதனைக்காகப் போட்ட பெயர், எடுக்க விட்டுப்போச்சு என்று சொல்லித் துறை அதை நீக்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன், 2018-ல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்தைப் போட்டுவிட்டு, "மாமா, நாடுன்னா வகாண்டா மாதிரி இருக்கணும்" என்றான். சரி, ஆடிட் பண்ணிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

வரவுப் பக்கம் பிரமாதம். வானத்திலிருந்து விழுந்த வைப்ரேனியம் என்ற உலோகம் மலை மலையாக இருக்கிறது. ஐந்து குலங்கள் அடித்துக்கொள்கின்றன. ஒரு வீரனுக்குச் சிறுத்தைத் தெய்வம் மூலிகை காட்டிக் கொடுக்க, அவன் ராஜாவாகிறான். நான்கு குலங்கள் அவனுக்குக் கட்டுப்படுகின்றன. ஐந்தாவதான ஜபாரி, 'உன் சகவாசமே வேண்டாம்' என்று பனிமலைக்குப் போய்விடுகிறது. (அந்தக் குலத் தலைவர் ஆஜானுபாகு. "உன்னை என் குழந்தைகளுக்குத் தின்னக் கொடுத்துடுவேன்" என்று மிரட்டிவிட்டு, "சும்மா சொன்னேன், நாங்க சைவம்" என்பார்!)

பற்றுப் பக்கம் வந்தபோதுதான் எனக்கு இடித்தது. ராஜாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அருவி விளிம்பில் ஒண்டிக்கு ஒண்டி சண்டை. ஜெயித்தவன் ராஜா. அவ்வளவுதான்!

சித்தப்பா மகன் ஒருத்தன் வருகிறான். பங்காளித் தகராறு. ராஜாவை அருவியில் தள்ளிவிட்டு அரியணை ஏறுகிறான். அடுத்த ராஜாவே வரக்கூடாது என்று மூலிகைத் தோட்டத்தைக் கொளுத்தச் சொல்கிறான். ஆயுதங்களை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறான். குலப் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவனை இறக்க வழியில்லை. பெண்கள் படையின் தளபதியோ, அரியணையில் யார் உட்கார்ந்தாலும் அவருக்கே விசுவாசம் என்கிறாள். கடைசியில் நாடு பிழைத்தது சட்டத்தால் அல்ல. ஆற்றில் விழுந்த பழைய ராஜாவை ஜபாரி மீனவர் ஒருவர் கண்டெடுத்ததால்!

"மீனவர் அன்னிக்கு லீவு போட்டிருந்தா?" என்று கேட்டேன். பையன் முறைத்தான்.

"உனக்கு நிஜமாவே ஒரு நாடு சொல்றேன் கேளு" என்றேன்.

இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்று ஐந்து இனங்கள். பழிக்குப் பழி, தீராத சண்டை. வெள்ளைக்காரர்கள் வந்து குடியேறுவதற்கு முன்பே இவர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். ஹோடனோஷோனி, அதாவது நீள வீட்டு மக்கள் என்று பெயர். இரோக்வாய் என்று மற்றவர்கள் சொல்வது இவர்களைத்தான். 1722 வாக்கில் டஸ்கரோராவும் சேர, ஆறாயிற்று.

அவர்கள் சொல்லும் வரலாற்றில், ஒற்றுமைக்கு ஒத்துக்கொள்ளாமல் முரண்டு பிடித்தவர் ஒனண்டாகா தலைவர் டடோடாஹோ. கொடுமைக்காரர், தலைமுடியெல்லாம் பாம்பு. அவரை யாரும் அருவியில் தள்ளவில்லை. உட்காரவைத்து, பாம்புகளைச் சீவி எடுத்துவிட்டு, சபைக்கே அவரைத் தலைமை தாங்கச் சொன்னார்கள்! பிறகு ஒரு வெள்ளைப் பைன் மரத்தடியில் ஆயுதங்களைப் புதைத்தார்கள்.

மொத்தம் 50 தலைவர் பதவிகள். தலைவரைப் பெயர் சொல்லி நியமிப்பது யார் தெரியுமா? குலத்தாய்மார்கள். பதவிக்கு அடையாளம், தலையணியில் மான் கொம்பு. தப்புப் பண்ணினால் மூன்று தடவை எச்சரிக்கை. அதற்கும் அடங்காவிட்டால் கொம்பைக் கழற்றிவிடுவார்கள். பதவி காலி. வகாண்டாவில் பெண்கள் அரியணையைக் காத்தார்கள். இங்கே அரியணையிலிருந்து ஆளை இறக்கினார்கள்!

இவர்களும் தேவதைகள் இல்லை. அமெரிக்க சுதந்திரப் போரில் ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம், மற்றவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் பக்கம் என்று கூட்டணி உடைந்தது. 1779-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை ஊர் ஊராக எரித்து, விளைந்த சோளத்தையும் அழித்தது. அப்படியும் அந்தச் சபை சாகவில்லை. ஒனண்டாகாவில் இன்னும் கூடுகிறது.

1988-ல் அமெரிக்க காங்கிரஸ், தன் அரசியலமைப்பு உருவானதில் இந்தக் கூட்டமைப்புக்கும் பங்கு உண்டு என்று தீர்மானமே போட்டது. கணக்குப் பாஷையில் இதற்குக் 'கடன் ஒப்புதல்' என்று பெயர். பட்டுவாடா வேறு விஷயம்!

பட்டுவாடா எப்படி நடந்தது என்று கேளுங்கள். 2010-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் லக்ராஸ் உலகப் போட்டி. லக்ராஸ், இவர்களுடைய முன்னோர்கள் ஆடிய ஆட்டம். இரோக்வாய் அணி தன் சொந்த பாஸ்போர்ட்டோடு கிளம்பியது. 'இதெல்லாம் பாஸ்போர்ட்டா?' என்றது பிரிட்டன். அமெரிக்க பாஸ்போர்ட்டில் வந்தால் விடுகிறோம் என்றார்கள். 'நாங்கள் எங்கள் நாட்டுக்காக ஆடுகிறவர்கள்' என்று அணி நியூயார்க்கிலேயே நின்றுவிட்டது. போட்டி போயே போச்சு.

பையன் டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"இல்லாத நாட்டுக் கழுதை வரியில்லாம வரலாம். இருக்கிற நாட்டு மனுஷன் போக முடியாதா மாமா?"

பி.காம்.காரனுக்கும் அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை.

அதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல்: "ஏண்டா, ரெண்டு பேரையும் சாப்பிட வரச்சொல்லி மூணாவது தடவையா கூப்பிடறேன்!"

இரண்டு பேரும் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்து ஓடினோம்.