கண்ணாடி ரெண்டு, கரையில ஆக்கள் ஒருத்தருமில்லை

முதலே சொல்லிவிடுறன்: எனக்கு என்.டி ஃபில்டரோடையும் கோபம் இல்லை, போலரைசரோடையும் கோபம் இல்லை. ரெண்டும் என்ர பையிலயும் கிடக்கு. ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டாத் திருகிப்போட்டு, வடக்கில இருக்கிற எல்லாக் கரையையும் ஒரே கஞ்சித்தண்ணிக் கடலா ஆக்கிற பழக்கத்தோடதான் கோபம். அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது.

போன வருசம் மயிலிட்டியில ஒரு பின்னேரம். எஃப் 11, ஐ.எஸ்.ஓ 100. ஃபில்டர் இல்லாமல் 1/60 செக்கன் காட்டினது. பத்து ஸ்டொப் என்.டி வெளிச்சத்தை ஆயிரத்தில ஒரு பங்காக்கும். 1/60 செக்கன் 17 செக்கனாகும். அதோட நிப்பாட்டியிருக்கலாம். வானம் இன்னும் நீலமாக வரட்டும் எண்டு போலரைசரையும் மேல போட்டன். அதுவும் ஒண்டரை, ரெண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும் எண்டதை நாங்கள் கணக்கில எடுக்கிறதில்லை. ரெண்டு ஸ்டொப் எண்டால் நாலு மடங்கு. 17 செக்கன் 68 ஆகிட்டுது.

அந்த 68 செக்கனுக்குள்ள ரெண்டு பேர் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னால போனவை. ஒரு வள்ளம் வெளிக்கிட்டது. ஒரு பொடியன் நாயைத் துரத்திக்கொண்டு ஓடினான். படத்தில இதில ஒண்டும் இல்லை. புகை மாதிரிக் கடல், கல்லு, வானம். லைக் அள்ளினது, அதையும் மறைக்கேலாது. பிறகொருநாள் அதே கரையில வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவுக்கு ஃபோனில படத்தைக் காட்டினன். கொஞ்சநேரம் பாத்தார். "இது நாங்கள் திரும்பி வர முந்தி எடுத்ததோ தம்பி?" எண்டு கேட்டார்.

மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்தது 1990இல். துறைமுகம் திரும்பக் கிடைச்சது 2017 ஜூலையில். 27 வருசம் ஆக்களில்லாமல் கிடந்த கரையை, நான் ஒரு நிமிசத்தில திரும்பவும் ஆக்களில்லாமல் ஆக்கிப்போட்டு, கீழ "அமைதி" எண்டு வேற எழுதி வச்சிருந்தன்.

இந்த மறைவு புதுசில்லை. 1838இல் டகேர் பாரிஸில தன்ர யன்னலுக்கால புலவார் து தொம்ப்ல் எண்ட தெருவைப் படமெடுத்தார். சனமும் குதிரை வண்டியும் போய்வாற தெரு. படத்தில வெறிச்சோடிக் கிடக்கு. ஒளிபடுற நேரம் நிமிசக் கணக்கில எண்டபடியால் அசைஞ்ச எல்லாம் அழிஞ்சுபோச்சு. சப்பாத்துத் துடைக்கக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் நிண்ட ஒரு மனிசன்தான் மிச்சம், துடைச்சவரும் மங்கலாத் தெரியிறார். டகேருக்கு வேற வழி இருக்கேல்லை, அவரின்ர தகட்டுக்கு அவ்வளவு நேரம் வேணும். எங்கட கமராவில 1/8000 செக்கனும் இருக்கு. ஆனாலும் காசு குடுத்து கறுப்புக் கண்ணாடி வாங்கி 1838க்குத் திரும்பிப் போறம்.

சரி, கரையையும் சனத்தையும் விடுங்கோ. தொழில்நுட்பமாப் பாத்தாலும் இந்தச் சோடி கனநேரம் ஒண்டையொண்டு கெடுக்குது. துறைமுகத்துக்குள்ள சின்னச் சின்ன அலை. என்.டி போட்டு நேரத்தைக் கூட்டினால் அந்தச் சுருக்கம் எல்லாம் தட்டையாகி, வள்ளத்தின்ர நிறமும் வானத்தின்ர நிறமும் தண்ணியில பட்டு விரிச்ச மாதிரி விழும். அதுதான் என்.டியின்ர அழகு. போலரைசரின்ர வேலை என்ன? தண்ணியில விழுற அந்தத் தெறிப்பை அறுக்கிறது. ஒண்டு கட்ட மற்றது இடிக்குது, நடுவில நாங்கள் ட்ரைபொட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம்.

வானமும் அப்படித்தான். போலரைசர் வானத்தை ஆகக்கூடக் கறுப்பாக்கிறது சூரியனுக்கு 90 பாகையில இருக்கிற பக்கத்தை. சூரியன் மேற்கில இறங்கேக்க வடக்குக் கரையில நிண்டு கடலைப் பாத்தால், அந்தப் பட்டை நேர முன்னால நிக்கும். 16 மில்லிமீற்றர் லென்ஸில நடுவில ஒரு கருநீலக் கறை, ரெண்டு பக்கமும் வெளிறின வானம். நீங்கள் கண்ட கன மாலைப் படங்களில "மழை வரப்போகுது" எண்டு நினைச்சது இந்தக் கறையைத்தான். சூரியன் பக்கமே திருப்பினால் வானத்தில ஒரு மாற்றமும் வராது, வெளிச்சம் மட்டும் வீணாப் போகும். இதுக்கு மேல ரெண்டு வளையமும் சேந்து மூலையை மறைக்கிறது, மலிவான பத்து ஸ்டொப் கண்ணாடி முழுப்படத்தையும் தேத்தண்ணி நிறமாக்கிறது எண்டு வேற கதையள் இருக்கு. வேரியபிள் என்.டிக்கு முன்னால போலரைசர் போடுறவைக்கு ஒரு செய்தி: உங்கட வேரியபிள் என்.டியே ரெண்டு போலரைசர் தகடுதான். இருட்டைக் கூட்டத் திருப்பேக்க வானமும் தெறிப்பும் சேந்தே மாறும்.

"அப்ப உள்ளதை உள்ளபடிதான் எடுக்கவேணுமோ?" எண்டு கேப்பியள். இல்லை. லயனல் வென்ட் இந்த நாட்டில இருந்துகொண்டு இருட்டறையில நிறத்தைப் புரட்டினவர், ஒரு நெகட்டிவ்வுக்கு மேல இன்னொண்டை வச்சு அச்சடிச்சவர். அவரின்ர படத்தைப் பாத்தால், இது புரட்டின படம் எண்டு கண்ணுக்குத் தெரியும். எங்கட கஞ்சித்தண்ணிக் கடலோ "இந்த இடம் இப்பிடித்தான் இருக்கு" எண்டு சொல்லுது. சுற்றுலா விளம்பரக்காரர் அதை அப்பிடியே எடுத்துப் போடலாம். வலையும் இல்லை, வள்ளமும் இல்லை, கேள்வி கேக்க ஆக்களும் இல்லை.

மலைநாட்டில மரத்துக்குக் கீழ ஓடுற ஓடையில இந்தக் கதை மாறும். ஈரக் கல்லிலயும் இலையிலயும் இருக்கிற வெள்ளைப் பளபளப்பைப் போலரைசர் எடுத்துவிட, பச்சை தெளிவாத் தெரியும். பின்னேரம் எண்டால் அங்க 1/4 செக்கன்தான் காட்டும், போலரைசர் மட்டும் போட்டாலே அது ஒரு செக்கனாகும், தண்ணி நூலாகிடும். என்.டியே தேவையில்லை. வெயில் ஏறின பிறகு மூண்டு ஸ்டொப் என்.டி சேத்துப் போடுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். அங்க ரெண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கு.

மயிலிட்டிக்கு இந்த மாசியில திரும்பப் போனன். போலரைசர் பையில, மூண்டு ஸ்டொப் என்.டி மட்டும். 1/8 செக்கன். அலையின்ர விளிம்பு கொஞ்சம் இழுபட்டிருக்கு, எஞ்சின் தூக்கிறவரின்ர காலும் கலங்கியிருக்கு. முகம் தெரியுது. பழைய படத்தை அழிக்கேல்லை, "அமைதி"யை மட்டும் எடுத்துப்போட்டு 68 செக்கன் எண்டு எழுதியிருக்கிறன்.

எங்களுக்குப் படம் அனுப்பிறவையிட்டயும் இதைத்தான் கேக்கிறன். ரெண்டு கண்ணாடியும் போட்டு எடுத்தால், அதே இடத்தில கண்ணாடி இல்லாமல் எடுத்த ஒண்டையும் சேத்து அனுப்புங்கோ. பக்கத்தில பக்கத்தில போடுவம்.