தளபதியின் பேச்சுக்கு என்ன மதிப்பு?

தொண்ணூற்றேழு தேஜஸ் மார்க்-1ஏ போர் விமானங்களுக்கு ரூ.62,370 கோடிக்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. 2025 செப்டம்பர் 25-இல் நடந்த அந்தக் கையெழுத்தைச் சாதனையாகக் கொண்டாடுகிறார்கள். நம்மால் கொண்டாட முடியவில்லை.

விமானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதே ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸிடம், இதே ரகத்தில் 83 விமானங்களுக்கு 2021 பிப்ரவரியிலேயே ஒப்பந்தம் போட்டோம். முதல் விமானம் 2024 மார்ச்சில் வந்திருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு கடந்து, அதில் ஒன்றுகூட விமானப்படையின் கைக்கு வராத நிலையில்தான் அடுத்த 97-க்குப் பேனா திறந்திருக்கிறார்கள். அமெரிக்க என்ஜின் தாமதம் என்பது பதிலாகாது. என்ஜின் அயல்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பது தேதி குறித்துக் கொடுத்த அன்றே தெரியாதா?

இந்தத் தாமத ஆபத்தைப் பற்றி எச்சரித்தவர் வெளியாள் அல்ல. விமானப்படைத் தலைமைத் தளபதி ஏ.பி. சிங். 1984-இல் பணியில் சேர்ந்து 5,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், சோதனை விமானி. மாஸ்கோவில் மிக்-29 மேம்பாட்டுத் திட்டக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். தேஜஸின் சோதனைப் பறத்தலுக்கே பொறுப்பு வகித்தவர். அந்த விமானத்தை அவரைவிட அறிந்த எத்தனை பேர் டெல்லி அலுவலகங்களில் இருக்கிறார்கள்? 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சியில், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் மீது தமக்கு நம்பிக்கை இல்லை என்று நேருக்கு நேர் சொன்னார். தமக்குத் தெரிந்து ஒரு திட்டமும் குறித்த காலத்தில் முடிந்ததில்லை, வராது என்று தெரிந்தே பல நேரம் கையெழுத்திடுகிறோம் என்று மே மாதம் பகிரங்கமாகக் குமுறினார். நான்கே மாதத்தில் மீண்டும் அதே கையெழுத்து!

ஒப்பந்தத்துக்கு மறுநாள் சண்டீகரில், ஓய்வுபெற்ற மிக்-21-ஐ அவரே ஓட்டி வழியனுப்பினார். அத்துடன், 42 ஸ்குவாட்ரன்கள் இருக்க வேண்டிய படையில் மிஞ்சியவை 29.

டெல்லி அலுவலகங்களுக்கு இந்தத் தாமதம் பழகிய வழி. இளம் விமானிகளுக்கு உயர்நிலைப் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1982-இல் பரிந்துரைத்தார்கள்; ஒப்பந்தம் 2004-இல்தான் வந்தது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில், போதிய பயிற்சியின்றி மிக்-21-இல் ஏற்றப்பட்ட பிள்ளைகளை இழந்த வீடுகளுக்கு யார் பதில் சொன்னார்கள்? 126 போர் விமானங்களுக்கு 2007-இல் டெண்டர் விட்டு, எட்டு ஆண்டு பேசி, அதைக் கைவிட்டு, 36 வாங்கினார்கள். அதற்கும் எவரும் பொறுப்பேற்கவில்லை. கோப்பு நகர்ந்தது, நாற்காலிகள் மாறின, பதவி உயர்வுகள் தடையின்றி வந்தன.

தாமதத்துக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பு சுமத்தும் முறை வந்தாக வேண்டும். பறப்பவரின் சொல்லுக்குக் கையெழுத்திடும் மேசையில் எடை கூட வேண்டும். படைத் தளபதியே நம்பாத தேதியை நாட்டு மக்களிடம் வாக்குறுதியாக நீட்டுவது துரோகம். அந்தத் துரோகத்தை 62,370 கோடி ரூபாய் கொடுத்து மறுபடி வாங்கியிருக்கிறார்கள்.