எந்தக் குறிஞ்சி?

குறிஞ்சி பூத்துவிட்டது என்று அநேகமாக ஆண்டுதோறும் செய்தி வருகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறைதானே பூக்கும் என்று வாசகர்கள் கேட்பது நியாயம். செய்தியும் பொய்யில்லை, கணக்கும் பொய்யில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்துச் செடிகள் டஜன் கணக்கில் உண்டு. அவற்றில் பலவற்றையும் குறிஞ்சி என்றே சொல்லிவிடுகிறோம். மகாராஷ்டிரத்தில் கார்வி எனப்படும் இனம் 8 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்; வேறு சில ஆண்டுதோறும் பூக்கும். 12 ஆண்டுக் கணக்கு, தென்னிந்திய மலைகளின் சோலைக்காட்டுப் புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சிக்கு உரியது. மூணாறில் அது 2006இலும் 2018இலும் பூத்தது. எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் பூக்க வேண்டும் என்பதில்லை. பூத்து, விதை முற்றியதும் செடி மடிந்துவிடும்.

இந்த ஒன்றை மட்டும் சுட்டும் பெயர் ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. அமைதிப் பள்ளத்தாக்கின் குந்தி ஆற்றிலிருந்து இப்பெயர் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் இச்செடியை விவரித்த ஜெர்மானியர் நீஸ் ஃபான் ஏசன்பெக், தம் நாட்டுத் தாவரவியலர் கார்ல் குந்த்தைச் சிறப்பித்து வைத்த பெயர் அது. ஆய்வுப் பயணிகளான ஹம்போல்ட்டும் போன்ப்லாவும் தென்னமெரிக்காவில் திரட்டிய செடிகளை வகைப்படுத்தியவர் குந்த். நம் மலைகளைப் பார்க்காதவரின் பெயர் நம் செடிக்கா என்று வருத்தம் எழலாம், எனக்கும் உண்டு. அதற்காக வரலாற்றை மாற்றிச் சொல்ல முடியாது.

நீஸ் இதை வைத்தது ஃப்ளெபோஃபில்லம் என்ற பேரினத்தில். பின்னால் வந்தவர்கள் ஸ்ட்ரோபிலாந்தஸுக்கு மாற்றினார்கள். 1944இல் தாவரவியலர் பிரெமகாம்ப், மகரந்தத் தூளின் அமைப்பைப் பெரிதும் நம்பி, அந்தப் பெரிய பேரினத்தையே பல துண்டுகளாக்கினார். அவருடைய பிரிவுகள் பல உண்மையான உறவைக் காட்டவில்லை என்று மரபணு ஆய்வுகள் தெரிவித்ததால், மீண்டும் ஒரே பேரினமாகக் கொள்வது வழக்கமாகியிருக்கிறது. பழைய நூல்களில் வேறு பெயரைக் கண்டு திகைக்க வேண்டாம். முன்பாதி மாறினாலும் 'குந்த்' கூடவே வரும். இலத்தீன் இலக்கணப்படி விகுதி மட்டும் மாறும்.

எல்லாவற்றையும் குறிஞ்சி என்றே எழுதிவைத்தால், எந்த இனம் எந்த மலையில் எப்போது பூத்தது என்ற பதிவே குலைந்துபோகும். எது அருகிவருகிறது என்பதும் தெரியாது. மலைக்குப் போகிறவர்கள் நீலச் சரிவை மட்டும் படமெடுக்காமல் இலை, தண்டு, பூங்கொத்து மூன்றையும் அருகிலிருந்து எடுத்து, இடத்தையும் ஆண்டையும் குறித்து வைக்கலாம். பறிக்கத் தேவையே இல்லை.