ஊர் அதே ஊர், பாதைதான் வேறு!

"பாஸ்வேர்டு சரிதானுங்க்கா. ஒரு எழுத்துக்கூட மாத்தலீங்க. கம்ப்யூட்டர்ல தொறக்குதுங்களாம், போன்ல மட்டும் மாட்டேங்குதுங்க!"

கிணத்துக்கடவிலிருந்து ஒரு சகோதரி இப்படிப் புலம்பினாள். பாங்கு, காஸ், மின்சாரக் கட்டணம், மகளின் கல்லூரி என்று வீட்டிலுள்ள அத்தனை ரகசியச் சொற்களையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் 'பாஸ்வேர்டு மானேஜர்' இருக்கிறதல்லவா? கணவர் அதைக் கம்ப்யூட்டரில் புதுப்பித்துவிட்டு, தக்காளி வியாபாரமாக வெளியூர் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டரும் கூடவே போய்விட்டது. மறுநாள் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். போனில் பெட்டகத்தைத் தொட்டால், 'இந்த வகைக் கோப்பு எனக்குத் தெரியாது' என்று கையை விரிக்கிறது.

கடைசியில் கணவர் எங்கிருந்தோ இருபது எழுத்தையும் ஒவ்வொன்றாக வாசிக்க, இவள் "பூஜ்யமுங்களா, ஓ-வுங்களா?" என்று கேட்டுக் கேட்டு எழுத, இரவு பதினொன்றேமுக்காலுக்குப் பணம் கட்டியாயிற்று. ரகசியச் சொல்லை லாரிப் பேட்டையில் நின்று உரக்க வாசித்தால் அது என்ன ரகசியம் என்று கேட்காதீர்கள்!

கிணத்துக்கடவுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதை முன்பு மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லிமீட்டர். அகலப் பாதையாக்கி 2017-இல் மறுபடி ரயில் விட்டார்கள். இப்போது 1676 மில்லிமீட்டர். ஊர் அதே ஊர், ஸ்டேஷன் அதே ஸ்டேஷன். பழைய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் உருளாது. டிக்கெட் சரியாக இருந்து என்ன பிரயோசனம்?

அவள் வீட்டு நிரலின் பெயர் நமக்கு வேண்டாம். ஊரறிந்த ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்கல் என்பவர் 2003-இல் 'கீபாஸ்' என்ற நிரலை வெளியிட்டார், இன்றும் இலவசம். அதன் முதல் தலைமுறை வைத்துக்கொண்ட கோப்புக்குக் 'கேடிபி' என்று பெயர். இரண்டாம் தலைமுறையினுடையது 'கேடிபிஎக்ஸ்'. மருமகள் மாமியாரின் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துக்கொள்ளலாம். மாமியாரால் மருமகள் பெட்டியைத் திறக்க முடியாது! (எந்த வீட்டில் என்று கேட்கிறீர்களா?)

அதோடு போயிற்றா? 2017 ஜனவரியில் 2.35 என்ற பதிப்பு, கேடிபிஎக்ஸ் 4 என்ற புது வடிவத்தோடு வந்தது. 2015-இல் ஒரு சர்வதேசப் போட்டியில் வென்ற 'ஆர்கான்2' என்ற முறையையும் சேர்த்துக்கொண்டது. இதன் சாமர்த்தியம் என்ன தெரியுமா? திருடன் ஒவ்வொரு சொல்லாக ஊகித்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு பெரிய ஆட்டுக்கல்லைச் சுற்றியாக வேண்டும். அவனுடைய இயந்திரத்தின் நினைவகமெல்லாம் அதற்கே செலவாகும். பிரமாதமான ஏற்பாடு!

இதில் வேடிக்கை, நிரலைப் புதுப்பித்த மாத்திரத்தில் கோப்பு மாறிவிடுவதில்லை. அமைப்புப் பக்கத்தில் 'ஆர்கான்2 இன்னும் பத்திரம்' என்று படித்துவிட்டு ஒரு பொத்தானை அமுக்குகிறோமே, அப்போதுதான் புது வடிவத்தில் எழுதப்படுகிறது. போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ உள்ள பழைய நிரலுக்கு அது புரியாது. 'கீபாஸ்எக்ஸ்' என்று ஓர் உறவுக்கார நிரல் இருந்தது. இந்தப் புது வடிவத்தைக் கற்றுக்கொள்ளாமலே 2021-இல் ஓய்வு பெற்றது. அதன் வழிவந்த 'கீபாஸ்எக்ஸ்சி' 2018-இலேயே கற்றுக்கொண்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி பெரிய ஆட்டுக்கல்லை வைத்துவிட்டால், சின்ன போனால் அதைச் சுற்ற முடியாது. வடிவம் தெரிந்த நிரலும் நினைவகம் போதாமல் நின்றுவிடும். அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஓடும்.

இந்த நிலைமை வந்துவிட்டால் பதறி எதையும் அழிக்காதீர்கள். போனிலுள்ள நிரலையும் புதுப்பித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். அது ஆகாதென்றால், கீபாஸில் பழைய 'ஏஇஎஸ்' முறைக்குத் திரும்பி மறுபடி சேமித்தால், வேறு புது வசதி எதுவும் கோப்பில் இல்லாத பட்சத்தில், பழைய வடிவத்திலேயே எழுதிக் கொடுக்கும்.

எந்த நிரலானாலும் புதுப்பிப்பதற்கு முன்பு கோப்பை நகலெடுத்து, தேதி போட்டுத் தனியே வையுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலும் புதியது திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய நிரலை அகற்றலாம். இதை ஊருக்குக் கிளம்பும் நாளில் செய்யவே கூடாது. ஆண்பிள்ளைகளுக்கு அப்போதுதான் இந்த யோசனை வரும்!

பெட்டகத்தைத் திறக்கும் மூலச் சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் நகையோடு வைக்கச் சொல்லுங்கள். 'உனக்கு எதற்கு?' என்று கேட்டால் விடாதீர்கள். பிள்ளையின் கட்டணமும் மாமியாரின் மருந்துச் செலவும் அதற்குள்தானே இருக்கின்றன?

வேறு நிரலுக்கு மாறுகிறவர்கள் 'சிஎஸ்வி' என்ற கோப்பாக எல்லாவற்றையும் வெளியே எடுப்பார்கள். அதில் பூட்டே கிடையாது; யார் திறந்தாலும் தெரியும். வேலை முடிந்த அன்றே, அழித்த கோப்புகள் போய்ச் சேரும் குப்பைக் கூடையிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள்.