கற்பூரம் பிராணவாயு ஆகாது

கைலாயம், முக்திநாத், அமர்நாத் என்று வடக்கே யாத்திரை புறப்படும் நம்மவர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் ஒரு சாமான் பட்டியல் கொடுப்பார்கள். கம்பளிச் சட்டை, கையுறை, குல்லா, டார்ச் லைட், உலர்ந்த பழம். அந்த வரிசையில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: சூடம் ஒரு பாக்கெட், மூச்சு முட்டினால் முகர்ந்து பார்க்க. ஜொகூரின் கடலோர ஊரான நம் மெர்சிங்கிலும் இதைப் பார்க்கிறேன். நாலைந்து வில்லைகளை வெள்ளைத் துணியில் முடிந்து, கழுத்தில் தொங்கவிடக் கயிறும் கட்டி, வழியனுப்ப வருகிறவர்கள் யாத்திரிகர் கையில் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் அன்பில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முடிச்சை நம்பி மலை ஏறுகிறவர் உயிரோடு திரும்பாமல் போகலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் கடலோரத்து மனிதர்கள். கண்ணெதிரே இருக்கும் தியோமான் தீவின் காஜாங் மலை 1,038 மீட்டர். ஜொகூரிலேயே உயரமான லேடாங் மலை 1,276 மீட்டர். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஆக, இந்த மாநிலத்தில் எந்த மலையில் ஏறினாலும் அந்த நோய் என்னவென்று நமக்குத் தெரிய வராது. முதன்முதலாகக் கினபாலு மலை ஏறும்போதோ, நேப்பாளத்து மலைகளில் ஏறும்போதோதான் தெரியும். தெரியாத இடத்துக்குப் போகிறவர் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொள்வது இயல்பு. அப்படித்தான் சூடம் வந்து ஒட்டிக்கொண்டது.

மலை உச்சியில் காற்றின் கலவை மாறுவதில்லை. அங்கும் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பிராணவாயுதான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலுக்குள் போகும் பிராணவாயுவும் பாதியாகிவிடுகிறது. கைலாய வலத்தில் வரும் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே ஒரு சூட வில்லை காற்றழுத்தத்தை எப்படிக் கூட்டும்? அதில் பிராணவாயு சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதா? இல்லை.

"முகர்ந்ததும் மூச்சு லேசாகிறதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள். உணர்வு பொய்யில்லை. கற்பூரமும் தைல மரமும் புதினாச் சத்தும் மூக்கினுள் இருக்கும் குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன. குளிர்ந்த காற்று தாராளமாகப் போவதுபோல மூளை எடுத்துக்கொள்கிறது. 1983ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் இதை அளந்து பார்த்தார்கள். இம்மூன்றின் ஆவியை முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கருவியோ, மூக்கின் காற்றோட்டத் தடை கொஞ்சமும் குறையவில்லை என்று காட்டியது. இத்தனைக்கும் அது கடல் மட்டத்தில், மூக்கை மட்டும் வைத்துச் செய்த சோதனை. உயர நோயில் அடைப்பு மூக்கில் இல்லவே இல்லை.

இதே புரளி 2021 ஏப்ரலில் இந்தியாவில் கோவிட்டின் இரண்டாம் அலை வீசியபோதும் ஓடியது. கற்பூரம், கிராம்பு, ஓமம், தைலம் சேர்த்துத் துணியில் முடிந்து முகர்ந்தால் இரத்தத்தில் பிராணவாயு ஏறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம் குடும்பக் குழுக்களிலும் அது சுற்றிச் சுற்றி வந்தது. சிலிண்டருக்காக மக்கள் தெருவில் அலைந்த நாட்களில் அது பரவியதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கற்பூரத்தை நான் இழிவாகப் பேசவில்லை. ஜொகூரின் கிழக்குக் காடுகள் கற்பூர மரக் காடுகள். அந்தக் காலத்தில் ஜக்குன் பழங்குடியினர் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகும்போது அன்றாடப் பேச்சை விட்டுவிட்டு அதற்கென்றே ஒரு தனி மொழி பேசினார்கள். 1894இல் லேக், கெல்சால் என்ற இரு ஆங்கிலேயர்கள் ஜொகூரின் கற்பூர மரத்தையும் அந்த மொழியையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். சுமத்திராவில் கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறைமுகத்தில், 1088ஆம் ஆண்டிலேயே தமிழ் வணிகர்கள் கல்வெட்டு நாட்டினார்கள். இவ்வளவு பெருமை உள்ள பொருள்தான். ஆனால் இன்று கடையில் பாக்கெட்டில் விற்கும் சூடம் பெரும்பாலும் பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்யப்படுவது. "நம் முன்னோர் கொடுத்த மூலிகை" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

முன்னோர் என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்தில் கைலாயம் போனவர்கள் வாரக்கணக்கில் நடந்து போனார்கள். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் தங்கித் தங்கி ஏறினார்கள். அந்த நடைதான் அவர்கள் உடலைப் பழக்கியது. மடியில் கற்பூரம் இருந்திருக்கலாம், காப்பாற்றியது அதுவல்ல. இன்றைக்கு? காலையில் போக்கராவில் 820 மீட்டரில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அரை மணி நேரம்கூட ஆகாத விமானப் பயணத்தில் 2,700 மீட்டர் ஜோம்சோமில் இறங்கி, மதியத்துக்குள் ஜீப்பில் ஏறத்தாழ 3,700 மீட்டர் முக்திநாத்தில் நிற்கிறார்கள் அறுபது வயது அத்தைகள். கைலாயக் குழுக்களில் சில, நேப்பாளத்துச் சமவெளியிலிருந்து சிமிகோட்டுக்குப் பறந்து, அங்கிருந்து ஹெலிகாப்டரில் 3,600 மீட்டருக்கு மேலுள்ள ஹில்சாவில் இறங்குகின்றன. இந்த வேகத்தை விற்றுவிட்டு, அதற்குப் பரிகாரமாகச் சூடத்தைக் கொடுப்பது அநியாயம்.

வேகமாக உயரத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை உலகுக்கு விரிவாகச் சொன்னது இந்திய இராணுவ மருத்துவம்தான். சமவெளியிலிருந்து இமயத்துக்குக் கொண்டுபோகப்பட்ட வீரர்களில் நோயுற்ற 1,925 பேரை ஆராய்ந்து இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1969இல் எழுதிய கட்டுரையை உயர மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். கட்டுடல் கொண்ட இளைஞர்களே விழுந்தார்கள். அக்கட்டுரை பரிந்துரைத்த ஒரு சிறுநீர் மருந்து பின்னாளில் பயனற்றதென்று கைவிடப்பட்டது. சோதித்துப் பார்த்துத் தோற்றால் விட்டுவிடுவது, அதுதான் மருத்துவம். சூடத்தை யார் எப்போது சோதித்தார்கள்?

சோதித்த மூலிகை ஒன்று இருக்கிறது. கிங்கோ என்னும் சீன மரத்தின் இலைச்சாறு உயர நோயைத் தடுக்கும் என்று உலகெங்கும் விற்றார்கள். எவரெஸ்ட் வழியில் நடந்த 600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. கிங்கோ சாப்பிட்டவர்களில் 35 விழுக்காடு. அசெட்டசோலமைடு, அதாவது கடையில் டயமாக்ஸ் என்று கிடைக்கும் மாத்திரை, சாப்பிட்டவர்களில் 12 விழுக்காடு.

இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். மாவு மாத்திரை தின்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் கழுத்தில் சூடம் தொங்கியிருந்தால் ஊருக்குத் திரும்பி என்ன சொல்லியிருப்பார்கள்? "சூடம்தான்யா காப்பாத்துச்சு" என்றுதான். பூண்டு சூப் குடித்தவர் பூண்டைச் சொல்வார். யாத்திரைக் குழுக்களில் கொடுக்கிறார்களே, கோக்கா 30 என்ற ஹோமியோபதி உருண்டை, அதை வாயில் போட்டவர் அதைச் சொல்வார். அந்த உருண்டையில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட இருக்க வாய்ப்பில்லாத அளவுக்கு அது நீர்க்கப்பட்டிருக்கிறது. நோய் வந்தவரின் சாட்சி நம் காதுக்கு வருவதே இல்லை.

"முகர்ந்தால் என்ன கெட்டுவிடும்?" என்பதுதான் கடைசி வாதம். நிறையக் கெடும். உயர நோயின் முதல் அடையாளம் தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை. நில், மேலே போகாதே என்று உடல் சொல்கிறது. சூடத்தை முகர்ந்து, மூச்சு லேசானதாக நம்பி மேலே நடந்தால், நுரையீரலில் நீர் கோக்கலாம்; மூளை வீங்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பது, நுரையோடு இருமுவது, குடித்தவர் போலத் தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும். நடு இரவானாலும் சரி. அந்த நேரத்தில் துணி முடிச்சைத் தேடிக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. போதாததற்குச் சூடம் வாய்க்குள் போனால் விஷம். குழந்தைகளுக்குச் சிறிதளவே வலிப்பை வரவழைத்துவிடும்.

1997 மே 23 அன்று எவரெஸ்டில் முதன்முதலாக மலேசியக் கொடியை ஏற்றியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகன்தாசும், இரண்டு தமிழர்கள். அவர்கள் அந்த மலையில் பல வாரங்கள் ஏறி இறங்கி உடலைப் பழக்கிய பிறகே உச்சிக்குப் போனார்கள். நம் பிள்ளைகள் செய்து காட்டிய வழி கண்முன்னே இருக்கிறது.

மெர்சிங்கில் தண்ணீர் வற்றிய நேரத்தில் தியோமான் படகு புறப்படாது. ஆற்றுமுகம் ஆழமில்லை, ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். படகுத்துறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் நாம் கடலின் கணக்கை ஒத்துக்கொள்கிறோம். மலையின் கணக்கையும் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும். டயமாக்ஸ் பற்றிப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

யாத்திரை ஏற்பாட்டாளர்களே, பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். பயணத்தில் இரண்டு நாள் கூட்டுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. ஒருவர் தலைவலி என்றால் அவரோடு கீழே இறங்க யார் வருவார்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வையுங்கள். பிள்ளைகளே, அம்மா அப்பாவுக்குப் பணம் கட்டும் முன், எந்த இரவு எத்தனை மீட்டரில் தங்கவைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.