கிறிஸ்தவர்கள் மூன்று கடவுளையா வணங்குகிறார்கள்?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பாதியில் நிறுத்தி ஃபத்வா கொடுக்காமல், முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

தலைப்பில் உள்ள கேள்வி எங்களுடையது அல்ல. வரலாற்றுப் பாடவேளையில் போர்த்துக்கேயர் கதை வந்தபோது ஒரு மாணவன் கேட்டது. "டீச்சர், அவங்க மூணு கடவுளக் கும்பிடுற ஆக்கள்தானே? அல்லாஹ், மர்யம், ஈஸா?" வகுப்பில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விடயம் போலத்தான் இருந்தது. பிள்ளை கெட்டிக்காரன், கேள்விப்பட்டதைச் சொல்கிறான். எங்கே கேள்விப்பட்டான் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

நம் நாட்டில் சமயம் சாதாரண தரம் வரை கட்டாயப் பாடம். ஆனால் அவரவருக்கு அவரவர் சமயம். நம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்க திருமறை, மற்றச் சபைகளின் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம். எல்லாச் சமயத்தவரும் படிக்கும் பாடசாலைகளில்கூட சமயப் பாடத்துக்கு மணி அடித்தால் பிள்ளைகள் பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போய்விடுவார்கள். முஸ்லிம் பாடசாலைகளில் பிரிந்து போவதற்கும் ஆளில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் ஏழு வீதத்துக்கு மேல். அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று ஒரு பாடவேளைகூடக் கேட்காமலே நம் பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறிவிடலாம். அந்த வெற்றிடத்தை இப்போது யூடியூப் விவாதக் காணொளிகள் நிரப்புகின்றன. அதில் வெல்கிறவர் யார், தோற்கிறவர் யார் என்பது தெரியும். பக்கத்து வீட்டு ஆன்டி ஏன் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சாரி உடுத்துப் போகிறார் என்பது தெரியாது.

ஒரு மார்க்கத்தை யாரிடம் கேட்டு அறிவது? இதற்கு நம் ஸீராவிலேயே விடை இருக்கிறது. மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்களில் ஒரு கூட்டம் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் போனது. அங்கே ஆட்சி செய்த நஜ்ஜாஷி மன்னர் கிறிஸ்தவர். குறைஷிகள் அன்பளிப்புகளோடு தூதர்களை அனுப்பி, இவர்கள் புதிதாக ஒரு மார்க்கத்தைக் கிளப்பியவர்கள், எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்றார்கள். மன்னர் அதை வைத்து முடிவெடுக்கவில்லை. முஸ்லிம்களைக் கூப்பிட்டு, உங்கள் மார்க்கம் என்ன என்று அவர்களிடமே கேட்டார். ஜஃபர் பின் அபீதாலிப் (ரழி) அவர்கள் பேசினார்கள், ஸூரா மர்யமிலிருந்து ஓதிக் காட்டினார்கள். ஈஸாவைப் பற்றி இவர்கள் பாரதூரமாகக் கதைக்கிறார்கள் என்று தூதர்கள் மறுநாள் மூட்டிவிட்டபோதும் அதேதான். மறுபடியும் கூப்பிட்டு, அவர்களிடமே கேட்டார். குறைஷிகளின் வாயிலிருந்து மட்டும் நஜ்ஜாஷி இஸ்லாத்தைப் படித்திருந்தால் அந்த முஹாஜிர்களின் கதி என்னவாகியிருக்கும்?

ஒரு கிறிஸ்தவ மன்னர் நமக்குச் செய்த நீதி இது. அதையே நாம் அளவுகோலாக எடுக்கலாம். கிறிஸ்தவம் பற்றி வகுப்பிலோ பயானிலோ நாம் பேசும்போது கடைசி வாங்கில் ஒரு கிறிஸ்தவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வோம். "ஆம், நாங்கள் நம்புவது இதுதான்" என்று அவர் தலையாட்ட வேண்டும். கலாசாலையில் எங்களோடு கத்தோலிக்கர்களும் மெதடிஸ்தர்களும் பயின்றார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதியில் கதைத்துக் கதைத்துத் தெரிந்துகொண்டதையும், பின்னால் வாசித்ததையும் வைத்து அந்த மாணவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

கிறிஸ்தவரிடம் கேட்டால் அவர் முதலில் சொல்வது கடவுள் ஒருவரே என்பதைத்தான். கி.பி. 325இல் நிக்கேயாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்னிக் நகரில், ஆயர்கள் கூடி வகுத்த விசுவாச அறிக்கையும் அந்த ஒருமையில்தான் தொடங்குகிறது. அந்த ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்பது அவர்களது நம்பிக்கை. மூன்று கடவுள்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் அது வழிகேடுதான். மர்யம் (அலை) அவர்கள் அந்த மூவரில் இல்லை. கத்தோலிக்கர்கள் அவரைப் பெரிதாகக் கண்ணியப்படுத்துகிறார்கள், அவரிடம் பரிந்துரை கேட்கிறார்கள், ஆனால் கடவுள் என்று சொல்வதில்லை. ஸூரா அல்மாயிதாவின் வசனத்தைக் காட்டி யாராவது கேட்கலாம். அந்த வசனம் யாரைக் கண்டிக்கிறது என்பதை ஆலிம்களிடம் கேளுங்கள். நாம் இங்கே சொல்வது, நம் அயலவர் இன்று எதை நம்புகிறார் என்பதை மட்டும்.

'மகன்' என்ற சொல்தான் நமக்குத் தொண்டையில் நிற்பது. கடவுளுக்கு ஒரு மனைவி இருந்து பிள்ளை பிறந்தது என்று எந்தக் கிறிஸ்தவரும் நம்புவதில்லை. அப்படிச் சொன்னால் நம்மைப் போலவே அவரும் காதைப் பொத்திக்கொள்வார். தந்தை இல்லாமல் கன்னியிடம் பிறந்தார் என்பதில் அவர்களும் நாமும் ஒன்று. 'மகன்' என்று அவர்கள் சொல்வது காலத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உறவை. அல்லாஹ்வைப் பற்றி அப்படி ஒரு சொல்லைப் பாவிக்கவே கூடாது என்பது நமது அகீதா. ஸூரா இக்லாஸை ஓதும் நமக்கு இதில் இரண்டாவது பேச்சில்லை. ஏற்காமல் இருப்பது வேறு, அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது வேறு.

இனி வருவது எங்கள் பார்வையில் மிக முக்கியமான இடம், பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடமும் இதுதான். நாம் வழமையாகக் குர்ஆனையும் பைபிளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். முஹம்மது நபி (ஸல்) அவர்களுக்குக் குர்ஆன் இறங்கியதுபோல ஈஸா (அலை) அவர்களுக்கு இறங்கிய இன்ஜீல்தான் அவர்கள் கையில் இருப்பது, அதைத்தான் மாற்றிவிட்டார்கள் என்று பேசுகிறோம். கிறிஸ்தவர்கள் தங்கள் நூலைப் பற்றி அப்படிச் சொல்வதே இல்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நால்வரின் பெயரில் உள்ள நற்செய்திகள் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றி அவருக்குப் பின் எழுதப்பட்டவை, கடவுளின் தூண்டுதலோடு மனிதர் எழுதியவை என்பது அவர்களே சொல்வது. அவர்களுக்கு இறங்கியது நூல் அல்ல, ஆள். கடவுளின் வார்த்தை மனிதனாக வந்தது என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே நமக்குக் குர்ஆன் எந்த இடத்திலோ, ஏறக்குறைய அந்த இடத்தில் அவர்களுக்கு இயேசு. குர்ஆனை யாராவது அவமதித்தால் நமக்கு நெஞ்சு எப்படிப் பதறும்? அவரைப் பற்றி இலேசாகக் கதைக்கும்போது அவர்களுக்கு வருவதும் அதுதான். குர்ஆனும் ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் கலிமா என்று அழைக்கிறது. ஒரே சொல்லில் இருந்து இரு சமூகமும் இரண்டு திசைக்குப் போயிருக்கிறோம்.

சிலுவை அடுத்தது. இங்கே சமரசத்துக்கு இடமில்லை. அவர் அறையப்படவில்லை என்று ஸூரா அந்நிஸா தெளிவாகச் சொல்கிறது. அவர்களுக்கோ அந்த மரணத்தையும் மூன்றாம் நாள் உயிர்ப்பையும் எடுத்துவிட்டால் மார்க்கமே இல்லை. ஆதமின் பாவத்துக்குப் பின் மனித இயல்பே பழுதாகிவிட்டது, தன் முயற்சியால் மட்டும் மனிதன் கடவுளிடம் திரும்ப முடியாது, அந்தப் பாதையை இயேசு தன் மரணத்தால் திறந்தார் என்கிறார்கள். ஆதம் (அலை) தவ்பா செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான், பிறக்கும் பிள்ளை சுத்தமாகப் பிறக்கிறது என்கிறோம் நாம். "அப்படியென்றால் என்ன பாவமும் செய்யலாம், அவர் ஏற்கனவே கணக்கை முடித்துவிட்டாரே" என்று நம் பக்கம் ஒரு கேலி உண்டு. பைபிளில் உள்ள யாக்கோபின் கடிதம் செயல் இல்லாத விசுவாசத்தைச் செத்த ஒன்றாகப் பேசுகிறது. நம் பக்கமும், எவரும் தன் அமலால் மட்டும் சுவர்க்கம் போவதில்லை, அல்லாஹ்வின் ரஹ்மத் வேண்டும் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கேலி செய்கிறவர்களுக்கு இரண்டும் தெரியாது.

எல்லாக் கிறிஸ்தவரும் ஒன்று என்று நினைப்பதும் சரியில்லை. நம் நாட்டில் பெரும்பான்மை கத்தோலிக்கர், போர்த்துக்கேயர் காலத்தில் வேர்விட்டவர்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களே ஒளிந்து வழிபட வேண்டியிருந்தது. அப்போது இரகசியமாக வந்து கண்டி இராச்சியத்தில் ஊழியம் செய்த யோசவ் வாஸ் அடிகளைத்தான் 2015இல் பாப்பரசர் காலிமுகத்திடலில் புனிதராகப் பிரகடனம் செய்தார். மெதடிஸ்தர்கள் 1814இல் வந்தார்கள். அவர்களது ஆலயத்தில் சொரூபங்களைத் தேடினால் கிடைக்காது. கத்தோலிக்கரிடம் கேட்டால், ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம்தான் என்று பிரித்துச் சொல்வார். இந்த விவாதம் நமக்குப் புதிதா? கந்தூரியும் ஸியாரமும் கூடுமா கூடாதா என்று நம் ஊர்களில் பள்ளிவாசலே இரண்டாகியிருக்கிறது.

அவர்களுக்கும் நோன்புக் காலம் இருக்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? விபூதிப் புதனில் தொடங்கும் தவக்காலம், நாற்பது நாள் கணக்கு. நம்மைப்போல் பகல் முழுக்கப் பட்டினி இல்லை. ஒறுத்தல், இறைச்சி தவிர்த்தல், தர்மம், செபம். 2025இல் ரமழானும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்திலேயே தொடங்கின. ஒரே ஆசிரியர் அறையில் இரு தரப்பும் தேநீரைத் தள்ளி வைத்திருந்த நாட்கள் அவை.

அந்தக் காலம் முடிவது உயிர்த்த ஞாயிறில். நத்தாரில் வெடி, கேக், மரம் எல்லாம் இருப்பதால் அதுதான் அவர்களது பெரிய நாள் என்று நினைக்கிறோம். உண்மையில் அவர்களது நம்பிக்கையின் உச்சம் இந்த ஞாயிறுதான். 2019 ஏப்ரல் 21 அந்த நாள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசையில் இருந்தவர்கள், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள். ஹோட்டல்களில் இறந்தவர்களோடு 250க்கும் மேற்பட்ட உயிர்கள். அதற்குப் பின் நம் சமூகம் பட்ட பாட்டை, எரிக்கப்பட்ட கடைகளை, பாடசாலை வாசலில் நம் ஆசிரியைகளின் அபாயாவை வைத்து நடந்த பேச்சுகளை நாம் நிறையப் பேசிவிட்டோம். பேச வேண்டியதும்தான். ஆனால் 'ஈஸ்டர் தாக்குதல்' என்று ஆயிரம் தடவை சொன்ன நாம், அந்த ஈஸ்டர் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா? மரணம் தோற்ற நாள் என்று அவர்கள் கொண்டாடும் காலையில் அவர்களுக்கு மரணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது விளங்காத பிள்ளைக்கு அந்தக் குற்றத்தின் கனம் பாதிதான் விளங்கும்.

"இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளின் ஈமான் ஆடாதா?" என்று ஒரு பெற்றார் கேட்டார். கேட்டது பாசத்தில். இயேசு நமக்கு யார், அவர்களுக்கு யார் என்று இரண்டையும் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையின் ஈமானை ஒரு துண்டுப்பிரசுரம் அசைக்காது. தவறான தகவலில் கட்டிய ஈமான்தான், முதல் தடவையாக ஒரு கிறிஸ்தவரிடம் கதைத்து "நாங்கள் அப்படிச் சொல்வதில்லையே" என்று கேட்கும்போது தடுமாறும். இஸ்லாத்தைப் பற்றி அவர்கள் பக்கம் இருக்கும் அறியாமையும் சின்னதல்ல, அதை அவர்கள் திருத்தட்டும்.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. தவணைக்கு ஒரு பாடவேளை போதும். அயல் பாடசாலையில் திருமறை படிப்பிக்கும் ஆசிரியரை அழைத்து அவர் வாயாலேயே சொல்ல வைக்கலாம். அடுத்த தவணை நம் இஸ்லாம் பாட ஆசிரியர் அங்கே போகலாம். அதிபரின் அனுமதியும் பெற்றாரின் சம்மதமும் எடுத்துத்தான். செலவு என்று பார்த்தால் ஒரு தேநீரும் வடையும்.

இதை வாசிக்கும் கிறிஸ்தவ நண்பர்களே, உங்கள் நம்பிக்கையைச் சொன்னதில் எங்காவது "நாங்கள் அப்படிச் சொல்வதில்லை" என்று தோன்றினால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொண்டுபோவதற்கு முன் திருத்திக்கொள்கிறோம்.